கமாண்ட் லைனில் பட்டியல் கொடுத்தால் எழுத்து எழுத்தாக உடைவது ஏன்?

கமாண்ட் லைனில் தரும் மதிப்புகளைப் படித்துத் தரும் பைத்தானின் ஆர்க்பார்ஸில் (argparse) டைப் (type) என்ற இடத்தில் லிஸ்ட் என்று போட்டு, 1234 என்று கொடுத்தால் '1', '2', '3', '4' என்று தனித்தனியாக வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

டைப்பில் தருவது ஒவ்வொரு மதிப்பின் மீதும் தனியாக இயங்கும் ஃபங்ஷன். ஷெல் (நாம் கட்டளை தட்டும் நிரல்) தருவதோ வெறும் ஸ்ட்ரிங், அதாவது எழுத்துகளின் வரிசை. அதை லிஸ்ட்டிடம் கொடுத்தால் எழுத்தெழுத்தாகத்தான் பிரிக்கும். டைப்பில் இன்ட் (முழு எண்) என்று மாற்றி, எத்தனை மதிப்புகள் என்று சொல்லும் என்ஆர்க்ஸுக்கு (nargs) '+' கொடுங்கள்; ஒன்று அல்லது அதற்கு மேல் என்று பொருள். அப்புறம் 12 34 56 என்று இடைவெளி விட்டு எழுதினால் மூன்று எண்கள் உள்ள பட்டியல் கிடைக்கும். மதிப்பே இல்லாமலும் ஏற்க வேண்டுமென்றால் '*'.

ஒன்றில் மட்டும் கட்டாயம் கவனம் வேண்டும்: இந்த ஆப்ஷனுக்குப் பின்னால் ஃபைல் பெயர் எழுதினால் அதையும் எண்ணாக மாற்றப் பார்த்து எரர் தரும். ஃபைல் பெயரை முன்னால் எழுதுங்கள். அல்லது ஆப்ஷனின் மதிப்புகள் முடிந்தன என்று காட்ட நடுவில் தனியாக '--' போடுங்கள். முன்னால் எழுதுவதே எனக்குப் பிடித்தது.