பி.டி. பீரியடுக்கு வருடம் முழுக்க விலக்கு வாங்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு 16 வயது. ப்ளஸ் ஒன் படிக்கிறாள். சின்ன வயதிலிருந்தே வீஸிங் உண்டு. இந்த வருடம் பி.டி. பீரியடில் மைதானத்தை இரண்டு சுற்று ஓடினாலே இருமல் வந்து, இளைத்துப்போய் உட்கார்ந்துவிடுகிறாள். நீல நிற இன்ஹேலர் அடித்தால் சரியாகிறது. டாக்டர் சர்டிபிகேட் கொண்டுவந்தால் வருடம் முழுக்க விலக்கு தருவதாகப் பள்ளியில் சொல்கிறார்கள். ‘அந்த நேரத்தில் பிசிக்ஸாவது படிப்பாளே, வாங்கிக் கொடுத்துவிடு’ என்கிறார் என் கணவர். வாங்கலாமா டாக்டர்?
- வாசகி, பெரம்பூர், சென்னை

பதில்: வேண்டாம். ஓடினால் இளைக்கிறது என்றால் உங்கள் மகளின் ஆஸ்துமா இன்னும் கட்டுக்குள் வரவில்லை. அதற்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன. அவற்றைச் சரியாகக் கொடுத்தால் பெரும்பாலான பிள்ளைகள் மற்றவர்களைப் போலவே ஓடலாம், ஆடலாம். விலக்கு வாங்கிவிட்டால் இளைப்பு யார் கண்ணுக்கும் படாது. ஆனால் நோய் அப்படியே இருக்கும்.

ஓடும்போது நாம் வாயால் வேகமாக மூச்சு வாங்குகிறோம். மூக்கு வழியாகப் போனால் ஈரமாகி, வடிகட்டப்பட்டுப் போகும் காற்று, வாய் வழியாக அப்படியே நேராக உள்ளே இறங்குகிறது. மூச்சுக்குழாயின் உட்புறம் உலர்கிறது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அதனாலேயே சுற்றியுள்ள தசை இறுகிக்கொள்ளும். ஓட ஆரம்பித்து ஐந்து, பத்து நிமிடத்திலோ, ஓடி முடித்த உடனேயோ இருமலும் இழுப்பும் வரும். குளிர்ந்த, வறண்ட காற்றில்தான் இது அதிகம். அந்த வகையில் சென்னையின் புழுக்கம் நமக்குச் சாதகம். மைதானத்துப் புழுதியும் வாகனப் புகையும்தான் நமக்குப் பாதகம். போகிப் பண்டிகைக்கு மறுநாள்களில் இழுப்போடு வரும் பிள்ளைகளைப் பார்க்காத மருத்துவர் இந்த ஊரில் இருக்க மாட்டார்.

அந்த நீல இன்ஹேலர் பற்றிச் சொல்ல வேண்டும். அது சால்பியூட்டமால். இறுகிய தசையை உடனே தளர்த்தும், அவ்வளவுதான். மூச்சுக்குழாயின் உள்ளே இருக்கும் வீக்கத்தை அது தொடாது. 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அதை மட்டும் கொடுத்து ஆஸ்துமாவைப் பார்த்துக்கொள்ளக் கூடாது என்று உலக ஆஸ்துமா வழிகாட்டுதல் 2019-லேயே சொல்லிவிட்டது. வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர் கூடவே வேண்டும். ஸ்டீராய்டு என்றதும் பயந்துவிடாதீர்கள். மாத்திரையோடு ஒப்பிட்டால் இன்ஹேலரில் போகும் அளவு மிகக் குறைவு. பியூடெசனைடும் ஃபார்மோட்டெராலும் சேர்ந்த இன்ஹேலர் இப்போது பரவலாகக் கொடுக்கப்படுகிறது. அதையே ஓடுவதற்கு முன்பும் எடுத்துக்கொள்ளலாம். உங்கள் மகளுக்கு எது, எத்தனை முறை என்பதை அவளைப் பரிசோதிக்கும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

மருந்தை மாற்றுவதற்கு முன்னால் இன்னொன்று: அவள் இன்ஹேலர் அடிப்பதை நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? என்னிடம் வரும் பிள்ளைகளிடம் ‘அடித்துக் காட்டு’ என்பேன். பலர் குலுக்குவதே இல்லை. வாயில் வைத்து அழுத்திவிட்டு, அப்புறம் மூச்சை இழுப்பார்கள். மருந்தில் பாதிக்கு மேல் நாக்கிலேயே தங்கிவிடும். வெள்ளையாகப் புகை வாயிலிருந்து திரும்பி வருவது தெரியும். முதலில் நன்றாகக் குலுக்க வேண்டும். மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு, ஸ்பேஸரை (இன்ஹேலரோடு பொருத்தும் பிளாஸ்டிக் குழல்) உதடுகளால் இறுகக் கவ்வி, ஒரே ஒரு பஃப் அழுத்தி, மெதுவாக ஆழமாக இழுக்க வேண்டும். பத்து எண்ணும் வரை மூச்சைப் பிடித்து வைக்க வேண்டும். ஸ்டீராய்டு இன்ஹேலர் என்றால் முடிந்ததும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இது சரியானாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

பி.டி. பீரியடுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்பாக மருத்துவர் சொன்ன பஃப் எடுத்துக்கொள்ளட்டும். மைதானத்தில் இறங்கியதும் எடுத்த எடுப்பில் ஓடக் கூடாது. பத்து நிமிடம் நடையும் மெல்லோட்டமுமாக உடம்பைச் சூடாக்கிக்கொண்டால் இறுக்கம் குறையும். இன்ஹேலர் அவள் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். ‘மாத்திரை மருந்தெல்லாம் ஆபீஸ் ரூமில்தான்’ என்று பீரோவில் வைத்துப் பூட்டும் பள்ளிகள் இருக்கின்றன. தயவுசெய்து இதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். மூச்சுத் திணறும் பிள்ளைக்காக யாரும் சாவி தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

இளைப்பெல்லாம் ஆஸ்துமாவாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. இந்த வயதுப் பெண்களுக்கு ரத்தசோகை மிக அதிகம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. அது ரொம்பவும் குறைந்துவிட்டால் படி ஏறினாலே மூச்சு வாங்கும். ஆகவே ஒரு ரத்தப் பரிசோதனை அவசியம். ஓடும்போது மயங்கி விழுந்தாளா, நெஞ்சு வலித்ததா, படபடப்பு வந்ததா, குடும்பத்தில் யாராவது சின்ன வயதிலேயே திடீரென்று இறந்திருக்கிறார்களா என்பதையும் யோசியுங்கள். இதில் ஒன்றுக்கு ‘ஆமாம்’ என்றாலும், இதய மருத்துவர் ஈசிஜி, எக்கோ பார்த்துச் சொல்லும் வரை அவள் ஓடவே கூடாது. அந்த இடைக்கால விலக்கை நானே எழுதித் தருவேன்.

இப்போது உங்கள் கணவருக்கு. 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது உடம்பு வேர்க்க இயங்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். ஸ்கூல், டியூஷன், நீட் கோச்சிங் என்று ஓடும் ப்ளஸ் ஒன் பிள்ளைக்கு, வாரத்தில் வரும் அந்த ஒன்றிரண்டு பி.டி. பீரியடைத் தவிர வேறு எப்போது வேர்க்கிறது? எலும்பின் வலுவில் பெரும்பகுதி சேர்வதும் இந்த வயதுக்குள்தான். உடற்கல்விக்கு நேரம் ஒதுக்கியதால் பிள்ளைகளின் மதிப்பெண் குறைந்துவிடவில்லை என்பதை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2010-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லியிருக்கிறது. 2003-ல் லண்டன் மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 25 நொடியில் ஓடி, பெண்கள் பிரிவில் உலக சாதனை படைத்த பிரிட்டன் வீராங்கனை பவுலா ராட்கிளிஃப் ஆஸ்துமா உள்ளவர்தான்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றையும் கேட்கிறேன். விலக்கு வேண்டும் என்று மகளே சொல்கிறாளா? அப்படியானால் தனியாக உட்காரவைத்து, அப்பா இல்லாத நேரத்தில் மெதுவாகக் கேளுங்கள். மாதவிடாய் நாட்களில் வலியோ அதிக ரத்தப்போக்கோ இருக்கும். பி.டி. சாரிடம் சொல்லக் கூச்சமாக இருக்கும். உடை மாற்ற இடம் இல்லாமல், வேர்த்த சட்டையோடு அடுத்த வகுப்பில் உட்காரவேண்டி இருக்கும். ஓடும்போது பையன்கள் கேலி செய்வார்கள். இன்ஹேலர் எடுத்தால் ‘இவளுக்கு என்னமோ வியாதி’ என்பார்கள் என்று துப்பட்டாவுக்குள் மறைத்து அடிக்கும் பெண்களை எனக்குத் தெரியும். இவை ஒவ்வொன்றுக்கும் வழி உண்டு. சர்டிபிகேட் கொடுத்துவிட்டால் இதையெல்லாம் யாரும் கேட்கவே மாட்டார்கள்.

சரி, பள்ளிக்கு ஏதாவது எழுதித் தர வேண்டாமா? வேண்டும். இப்படி எழுதச் சொல்லுங்கள்: ‘இந்த மாணவிக்கு ஆஸ்துமா உள்ளது. சிகிச்சையில் இருக்கிறார். நடை, யோகா, பந்து எறிதல், ஷட்டில் முதலியவற்றில் கலந்துகொள்ளலாம். தொடர்ந்து நீண்ட தூரம் ஓடுவதை ஆறு வாரங்களுக்குத் தவிர்க்கவும். இன்ஹேலர் உடன் வைத்திருக்க அனுமதிக்கவும். இளைத்தால் உடனே உட்காரவிடவும். ஆறு வாரம் கழித்து மறுபரிசோதனை.’ எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது, எதுவரை என்ற மூன்றும் அதில் இருந்தால் பி.டி. மிஸ்ஸுக்கும் குழப்பம் இருக்காது. முழு விலக்கு தேவைப்படுபவர்களும் இருக்கிறார்கள்: எலும்பு முறிந்தவர்கள், டெங்கு, மஞ்சள்காமாலையிலிருந்து தேறிவருபவர்கள், தலையில் அடிபட்டவர்கள், சிலவகை இதய நோய் உள்ளவர்கள். அவர்களுக்கும் தேதி போட்டுத்தான் கொடுக்கிறோம். பொய்ச் சான்றிதழ் கொடுப்பது 2002-ம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி தவறு. கொடுக்கும் ஒவ்வொரு சான்றிதழையும் மருத்துவர் பதிவேட்டில் குறித்துவைக்க வேண்டும். படிப்பதற்கு நேரம் வேண்டும் என்பதற்காக உடல்நிலையைக் காரணம் காட்டி எழுதித் தர என்னால் முடியாது. வேறு மருத்துவரையும் நீங்கள் கேட்க வேண்டாம்.

மூச்சுத் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரி சோதனையைச் சென்ட்ரலுக்கு எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலோ, தாம்பரம் சானடோரியம் அரசு நெஞ்சக மருத்துவமனையிலோ செய்துகொள்ளலாம். போகும்போது இன்ஹேலரையும் ஸ்பேஸரையும் எடுத்துப்போங்கள். எந்தெந்த நாள் இளைத்தது, இரவில் இருமி எழுந்தாளா என்று இரண்டு வாரக் குறிப்பும் இருந்தால் மருத்துவருக்கு உதவியாக இருக்கும்.

மைதானத்தில் இழுப்பு வந்தால் படுக்கவைக்க வேண்டாம், நிமிர்ந்து உட்காரவையுங்கள் என்று பள்ளியில் சொல்லிவையுங்கள். நீல இன்ஹேலரை ஸ்பேஸர் வழியாக ஒவ்வொன்றாக நான்கு பஃப் கொடுத்து, நான்கு நிமிடம் பார்க்க வேண்டும். குறையாவிட்டால் உடனே 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி நான்கு பஃப் கொடுத்துக்கொண்டே இருக்கலாம். ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாமல் திணறினாலோ உதடு நீலம் பாய்ந்தாலோ நான்கு நிமிடம் காத்திருக்கவே கூடாது. முதல் பஃப் கொடுக்கும்போதே ஒருவர் 108-க்குப் போன் செய்துவிட வேண்டும்.