டிசெக்‌ஷன் கூடத்தில் நிற்பதும் பயிற்சிச் சுமைதான்

கேள்வி: எனக்கு வயது 39. பல்கலைக்கழகத்தில் உடற்கூறியல் கற்பிக்கிறேன். வாரத்தில் மூன்று நாட்கள், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம், டிசெக்‌ஷன் கூடத்தில், அதாவது இறந்தோரின் உடலை அறுத்துக் காட்டிக் கற்பிக்கும் அறையில், நின்றபடியே வகுப்பு நடத்துகிறேன். ஐந்து மாதங்களில் வரவிருக்கும் முழு மாரத்தானுக்காக வாரம் ஐந்து நாட்கள், சில நாட்கள் அதிகாலையிலும் சில நாட்கள் வகுப்பு முடிந்த கையோடும் ஓடுகிறேன். இரண்டு மாதங்களாகக் களைப்பு தீரவில்லை. காலையில் எழுந்ததும் 54 ஆக இருந்த நாடித்துடிப்பு இப்போது 62 ஆக இருக்கிறது. கட்டிலிலிருந்து இறங்கும்போது குதிகால் வலிக்கிறது. மாலை ஓட்டத்துக்குப் பின் இருமல் வருகிறது. மாரத்தானைக் கைவிட வேண்டுமா, டாக்டர்?

பதில்: கைவிட வேண்டிய நிலை இன்னும் வரவில்லை; ஆனால் இப்போதைய அட்டவணையை இப்படியே ஐந்து மாதங்களுக்கு நீட்டிக்கவும் கூடாது. ஓடிய கிலோமீட்டர்களை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டு, வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் கடினமான தரையில் நிற்பதை ஓய்வு நேரமாகக் கருதிவிட்டீர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் எழுதியிருக்கும் தொந்தரவுகளில் பெரும்பாலானவை அங்கிருந்தே தொடங்குகின்றன.

முதலில் குதிகால். காலையில் முதல் சில அடிகளில் கூர்மையாக வலித்து, நடக்க நடக்கக் குறைந்து, நெடுநேரம் நின்றபின் திரும்பவும் வருமானால், அது பெரும்பாலும் குதிகாலிலிருந்து விரல்கள் வரை பாதத்தின் அடியில் ஓடும் தடித்த திசுப் பட்டையான பிளாண்டார் ஃபேஷியாவின் பாதிப்பாகவே இருக்கும். ஓடும்போது கெண்டைக்காலின் உள்ளடுக்கில் இருக்கும் சோலியஸ் தசை சுருங்கித் தளர்வதால் கெண்டைக்காலின் சிரை இரத்தம் மேலே தள்ளப்படுகிறது. அசையாமல் நிற்கும்போதோ, உடல் முன்னால் சாய்ந்துவிடாதபடி அதே தசை ஓயாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. சிரைகளை அழுத்தும் அசைவு மட்டும் போதிய அளவு கிடைப்பதில்லை. இதை மாணவர்களுக்கு அன்றாடம் விளக்குகிற உங்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அரை மணிக்கு ஒருமுறை மேசை மாறி நடங்கள். விளக்கவுரையின் ஒரு பகுதியை உயரமான ஸ்டூலில் அமர்ந்து நடத்துங்கள். தேய்ந்துபோன ஓட்டக் காலணியைக் கூடத்துக்கென ஒதுக்கும் வழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். காலையில் தரையில் கால் வைப்பதற்கு முன், கால் விரல்களைக் கையால் மேல்நோக்கி வளைத்துப் பத்து விநாடி பிடிப்பதைப் பத்து முறை செய்யுங்கள். குதிகால் எலும்பை இருபுறமும் அழுத்தினால் வலித்தாலோ, இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தாலோ மட்டும் ஓட்டத்தை உடனே நிறுத்திவிட வேண்டும், ஏனெனில் அது எலும்பில் விழுந்த மெல்லிய விரிசலாக இருக்கலாம். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகலாம்.

இருமலை நான் இதைவிடக் கவனமாகப் பார்க்கிறேன். கூடத்தில் உடல்களைக் கெடாமல் வைக்கப் பயன்படும் ஃபார்மால்டிஹைடின் ஆவி நீரில் எளிதில் கரைவதால், அமைதியாக மூக்கின் வழியே மூச்சு விடும்போது அதன் பெரும்பகுதி மூக்கிலும் மேல் சுவாசப் பாதையிலுமே தங்கி, அங்கே எரிச்சலை உண்டாக்குகிறது. அந்த எரிச்சல் அடங்குவதற்குள் நீங்கள் ஓடத் தொடங்கினால், வாய் வழியே பன்மடங்கு காற்று, உலர்ந்த நிலையிலேயே, உள்ளே போகிறது. அப்போது மூச்சுக்குழாய்கள் சுருங்க வாய்ப்பிருக்கிறது. ஓட்டம் முடிந்த சில நிமிடங்களில் இருமல் உச்சத்துக்கு வந்து, ஒரு மணி நேரத்துக்குள் தணிந்தால் இந்த ஐயம் வலுக்கும். டிசெக்‌ஷன் நடக்கும் நாட்களில் மாலை ஓட்டம் வேண்டாம். ஓடத்தான் வேண்டுமென்றால் காலையிலேயே ஓடிவிடுங்கள். வழக்கமான அறுவை முகக்கவசம் இந்த ஆவியைத் தடுக்காது என்பதையும், உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியிருக்கிறது என்பதையும் சொல்லி, கூடத்தின் காற்றோட்டத்தையும் ஆவியின் அளவையும் சோதிக்கும்படி துறையிடம் எழுத்து வழியே கேளுங்கள். மாணவர்களும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். கூடத்திலிருந்து விலகியிருக்கும் விடுமுறை நாட்களிலும் இருமல் நீடித்தால், உடற்பயிற்சிக்கு முன்னும் பின்னும் ஸ்பைரோமெட்ரி (ஊதவைத்து மூச்சின் அளவையும் வேகத்தையும் அளக்கும் சோதனை) செய்து ஆஸ்துமா இருக்கிறதா என்று உறுதி செய்ய வேண்டும்.

களைப்புக்கும் நாடித்துடிப்பு உயர்வுக்கும் உடல் போதிய அளவு மீளாததே முதல் காரணமாகத் தெரிகிறது. எத்தனை மணி நேரம் உறங்குகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அதிகாலை ஓட்டமும் இரவில் வகுப்புக்கான தயாரிப்பும் சேர்ந்தால் உறக்கம்தான் முதலில் குறையும். அது ஏழு மணி நேரத்துக்குக் கீழே போகும் நாளில் ஓட்டத்தையே விட்டுவிடுவது நல்லது. கூடத்துக்குள் நான்கு மணி நேரம் எதுவும் உண்ணவோ பருகவோ இயலாது என்பதால், உள்ளே போகும் முன்பும் வெளியே வந்த உடனும் சாப்பிடுவதைக் கட்டாயமாக்கிக்கொள்ளுங்கள். மாதவிடாய் தள்ளிப்போவதோ நின்றுபோவதோ இருந்தால், கருவுறவில்லை என்று உறுதி செய்தபின், உண்பது ஓட்டத்துக்குப் போதவில்லை என்று கருதி மருத்துவரிடம் செல்லுங்கள். அந்தக் குறைபாடு எலும்பையும் பாதிக்கும்.

ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் சேமித்திருக்கும் இரும்புச்சத்தைக் காட்டும் அளவு), தைராய்டு ஆகிய மூன்று பரிசோதனைகளையும் செய்துகொள்ளுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் மில்லிலிட்டருக்கு 30 நானோகிராமுக்குக் கீழே இருக்கும் ஓட்டக்காரர்கள் பலர், பெண்களில் இன்னும் அதிகம். நீண்ட ஓட்டத்துக்கு மறுநாளோ காய்ச்சலின்போதோ இரத்தம் கொடுத்தால் ஃபெரிட்டின் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். முடிவைப் பார்க்காமல் நீங்களாக இரும்புச்சத்து மாத்திரை தொடங்காதீர்கள்.

அடுத்த மூன்று வாரங்களுக்கு ஓடும் தூரத்தை ஏறத்தாழ பாதியாகக் குறைத்து, முழு வாக்கியங்களில் பேச முடிகிற வேகத்திலேயே ஓடுங்கள். அதன்பின் வேகப் பயிற்சியையும் நீண்ட ஓட்டத்தையும் டிசெக்‌ஷன் இல்லாத நாட்களில் மட்டும் வையுங்கள். நீண்ட ஓட்டத்துக்கு மறுநாள் கூடத்தில் நிற்க வேண்டியிராதபடி வகுப்பு நேரத்தை மாற்றிக்கொள்ள முடியுமானால், எந்தச் சத்து மாத்திரையையும்விட அது பயன் தரும். தேர்வுக் காலத்தில் பயிற்சி குறைவதை முன்கூட்டியே திட்டத்தில் எழுதிவிடுங்கள், விட்டதை மறுவாரம் ஈடுகட்ட முயல வேண்டாம்.

ஓடும்போது நெஞ்சு வலியோ மயக்கமோ காரணமற்ற படபடப்போ வந்தால் இந்த அட்டவணை எதுவும் பொருந்தாது. அன்றே இதய மருத்துவரைப் பாருங்கள். மூன்று வாரங்களில் நாடித்துடிப்பு 54க்கு அருகே திரும்பி, குதிகாலும் அடங்கினால் முழு மாரத்தானுக்கான பயிற்சியைத் தொடரலாம். திரும்பாவிட்டால், இந்த ஆண்டு 21 கிலோமீட்டர் அரை மாரத்தானுக்குப் பெயரை மாற்றிக்கொள்ளும்படிதான் சொல்வேன்.