பி.இ. படித்துவிட்டு குரூப் 4 எதற்கு?

கேள்வி: பி.இ. முடித்த மகன், அரசு வேலைக்கான டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு எழுதப்போகிறேன் என்கிறான். பத்தாவது போதும் என்கிற வேலைக்கு இவ்வளவு செலவழித்துப் படிக்கவைத்தது எதற்கு? (வாசகி, விழுப்புரம்)

பதில்: நியாயமான எரிச்சல்தான் அம்மா. குரூப் 4-இல் வரும் இளநிலை உதவியாளருக்கு அடிப்படைச் சம்பளம் 19,500 ரூபாயில் தொடங்குகிறது, அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி எல்லாம் அதற்கு மேல். பத்தாவது படித்தவருக்கும் பி.இ.க்கும் அதே தொகைதான், ஏனென்றால் அரசு பதவியைப் பார்த்துத்தான் சம்பளம் போடுகிறது. புதிதாகச் சேரும் பி.இ. பையன்களுக்கு இதைக்கூடக் கொடுக்காத கம்பெனிகள் எத்தனையோ (அதிலும் பிடித்தம் வேறு!). ஆனால் பட்டம் வீணில்லை. குரூப் 2, குரூப் 1 இரண்டுக்கும் அது கட்டாயம், சம்பளம் ஏறுவதும் அங்கேதான். சரி, எழுதட்டும், வேலை கிடைத்த கையோடு குரூப் 2 புத்தகத்தைப் பரணில் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.