வலியைக் கேமரா படம் பிடிக்குமா?

கேள்வி: என் அத்தைக்கு வயது 66. கல்லிடைக்குறிச்சியில் வீட்டிலிருந்தே பீடி சுற்றுகிறார். சர்க்கரை உண்டு. பங்குனியில் இடப்பக்க மார்புக்குக் கீழிருந்து முதுகு வரை அக்கி வந்தது. வேளார் வீட்டில் காவியால் அக்கி எழுதினோம். கொப்புளம் உலர்ந்து நான்கு மாதமாகியும் எரிச்சல் போகவில்லை. ரவிக்கை பட்டாலே துடிக்கிறார். நரம்பு வலியை வண்ணப் படமாகக் காட்டும் தெர்மல் ஸ்கேன் இருக்கிறதாமே, எடுக்கலாமா? புண் ஆறிய பிறகும் இவ்வளவு வலிக்குமா என்று வீட்டில் சிலர் சந்தேகப்படுகிறார்கள்.

பதில்: கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். வலிக்கும். சிறுவயதில் அம்மை போட்டபோது உடலில் புகுந்த சின்னம்மை வைரஸ், முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் பல்லாண்டுகள் பதுங்கிக் கிடக்கிறது. வயதாகி எதிர்ப்புச் சக்தி தளரும்போது, பெரும்பாலும் ஒரே ஒரு நரம்பின் வழியே தோலுக்கு இறங்குகிறது. அதனால்தான் அக்கி ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாக வருகிறது. தோல் ஆறிவிடும், வைரஸ் வந்த வழியில் வெந்துபோன நரம்பு அவ்வளவு சீக்கிரம் ஆறாது. 3 மாதம் கடந்தும் நீடித்தால் அதை அக்கிக்குப் பிந்தைய நரம்பு வலி என்கிறோம். துணி உரசினாலே வலிப்பது அதன் முத்திரை. அத்தை நடிக்கவில்லை.

இனி கேமரா. உடம்பிலிருந்து வெளிப்படும் அகச்சிவப்புக் கதிர்களை அளந்து, தோலின் வெப்பநிலையை அது வண்ணங்களாகக் காட்டுகிறது. கதிர்வீச்சு ஆபத்து எதுவும் இல்லை. வலப்பக்கத்தையும் இடப்பக்கத்தையும் ஒப்பிடுவார்கள். ஆரோக்கியமான உடம்பில் இரண்டுக்கும் பெரும்பாலும் அரை டிகிரிகூட வித்தியாசம் இருக்காது.

சிக்கல் இங்கேதான். கொப்புளம் இருக்கும் நாட்களில் அந்த இடம் பொதுவாகச் சூடாகத் தெரியும். மாதங்கள் கடந்த பின் அப்படி ஒரு விதி கிடையாது. எரிச்சலில் இருக்கும் நுண்நரம்பு நுனிகள் இரத்தக் குழாய்களை விரியச் செய்யும், அங்கே சூடு. நரம்பிழைகள் அழிந்துபோன இடத்தில் அந்தச் சூடு எழாமல் போகலாம், குளிர்ந்தும் தெரியலாம். சிலருக்கு இரு பக்கமும் ஒன்றுபோலவே இருக்கும், வலி மட்டும் உயிரை வாங்கும். படத்தில் சிவப்பாகத் தெரிவதெல்லாம் வலியும் அல்ல, ஒன்றும் தெரியாவிட்டால் வலி இல்லை என்றும் பொருள் அல்ல. வீட்டிலுள்ளவர்களுக்குச் சான்று காட்டத்தான் இந்தப் படம் என்றால், எடுக்காதீர்கள். படம் சாதாரணமாக வந்துவிட்டால் அத்தைக்கு இரட்டைத் தண்டனை.

ஏதேனும் ஆய்வுக்காகவோ, மருத்துவர் கேட்டோ எடுப்பதானால் ஒழுங்காக எடுக்க வேண்டும். அம்பாசமுத்திரம் சாலையில் வெயில் விழும் ஜன்னலோரமாக உட்கார்ந்து பாளையங்கோட்டைக்கு வந்து, இறங்கியதும் படம் எடுத்தால் கேமரா அக்கியையா காட்டும்? பஸ் ஜன்னலைத்தான் காட்டும். 20 முதல் 24 டிகிரி வரையுள்ள அறையில், மின்விசிறிக் காற்று நேரே படாமல், அந்த இடத்தைத் திறந்துவைத்து 15 நிமிடமாவது அமர்ந்திருக்க வேண்டும். எண்ணெய், களிம்பு, காவி எதுவும் தோலில் இருக்கக் கூடாது. அன்று காலை காபியும் பீடி சுற்றுவதும் வேண்டாம். புகையிலைத் தூளைக் கையாளும்போதும் நிகோடின் கொஞ்சம் உடம்பில் சேர்கிறது, அது இரத்தக் குழாய்களைச் சுருக்கும்.

நோயைக் கண்டறிய எனக்குத் தேவை ஒரு துண்டுப் பஞ்சும் ஒரு குண்டூசியும்தான். அக்கி வந்த வரலாறு தெளிவாக இருக்கிறது. பஞ்சால் வருடினால் எங்கே வலிக்கிறது, ஊசி எங்கே உறைக்கவில்லை என்று பார்த்தால் போதும். ஸ்கேனுக்கு வைத்திருக்கும் பணம் மருந்துக்கு ஆகட்டும். கபாபென்டின், பிரிகாபலின், இரவில் குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின், தோலில் ஒட்டும் லிடோகெய்ன் பட்டை என வழிகள் உண்டு. சர்க்கரை உள்ளவர் என்பதால் சிறுநீரகப் பரிசோதனை முடிவைப் பார்த்துத்தான் அளவு தீர்மானிக்க வேண்டும். தொடக்கத்தில் தலைசுற்றல், தூக்கக் கலக்கம் வரலாம்; இரவில் தனியாக எழுந்து நடக்க விடாதீர்கள். மருந்துக் கடையில் நீங்களாகக் கேட்டு வாங்க வேண்டாம்.

அக்கி எழுதியது பற்றி: காவி குளிர்ச்சி தரும், வைரஸை ஒன்றும் செய்யாது. அதை நம்பி முதல் 72 மணி நேரத்தைத் தவறவிடுவதுதான் என் வருத்தம். வைரஸ் எதிர்ப்பு மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரம் அது. நெற்றியிலோ மூக்கு நுனியிலோ வந்தால் கண்ணுக்கே ஆபத்து, அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும். வீட்டில் 50 வயதைக் கடந்த மற்றவர்களுக்குத் தடுப்பூசி இருக்கிறது. 2 முதல் 6 மாத இடைவெளியில் இரண்டு தவணை. விலைதான் கொஞ்சம் அதிகம்.

படம்தான் வேண்டுமென்றால் இப்படிச் செய்யுங்கள். பஞ்சு பட்டால் வலிக்கும் எல்லையைப் பேனாவால் தோலில் கோடிட்டு, அத்தையின் சம்மதத்தோடு, மாதம் ஒருமுறை செல்போனில் படம் எடுத்து வையுங்கள். கூடவே, பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு எத்தனை நிமிடம் உட்கார முடிகிறது என்றும் எழுதி வாருங்கள். மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று மருத்துவர் முடிவெடுக்க இந்த இரண்டும் உதவும்.