சமூகம் சீர்குலைந்தால் எந்தப் பொருளுக்கு மதிப்பு நிற்கும்?

அரசும் வங்கியும் முடங்கிவிட்டால் தங்கம் கைகொடுக்குமா, வேறென்ன சேர்த்து வைக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் சில மாதங்களுக்குத் தங்கம் உதவாது என்றுதான் சொல்வேன். அப்போது எல்லாருமே அதை விற்கத்தான் பார்ப்பார்கள். வாங்க ஆள் இருக்காது. கையில் உபரி உள்ளவர்கள் உருவான பிறகே அதற்குக் கிராக்கி திரும்பும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஜெர்மனியில் பணத்தாளை மக்கள் நம்பவில்லை. 1948 ஜூனில் புதிய நாணயம் வரும்வரை கள்ளச்சந்தையில் சிகரெட்டே பணமாகப் புழங்கியது. புகைப்பவர்கள் இருந்தது மட்டும் காரணமில்லை. பாக்கெட்டைப் பிரித்தால் சில்லறை தயார், எடை குறைவு, பார்த்ததும் எவருக்கும் அடையாளம் தெரியும், புகைக்காதவரும் அடுத்தவரிடம் தள்ளிவிடலாம். நீங்கள் தேட வேண்டியது இந்தக் குணங்களைத்தான்.

அப்படிப் பார்த்தால் என் முதல் தேர்வு உப்பு. ஈரம் படாமல் வைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. உணவைப் பதப்படுத்தும், பிடி பிடியாக அளந்து கொடுக்கலாம். உயிரையும் காக்கும்: ஒரு லிட்டர் சுத்தமான நீரில் அரை டீஸ்பூன் உப்பும் 6 டீஸ்பூன் சர்க்கரையும் கரைத்துக் கொடுத்தால், வயிற்றுப்போக்கால் உடலில் நீர் வற்றுவதைச் சமாளிக்கலாம். சுகாதாரம் சிதைந்த இடங்களில் குழந்தைகளின் உயிரைப் பறிக்கும் முக்கியக் காரணங்களில் இந்த நீரிழப்பும் ஒன்று. அதனால் சர்க்கரையையும் மறக்காதீர்கள்.

அடுத்து சோப்பு, தீப்பெட்டி, தையல் ஊசி, நூல். சிறியவைதான், ஆனால் ஊசியை வீட்டில் செய்துவிட முடியாது.

பெட்ரோலை மட்டும் சேமிப்பாக நினைக்காதீர்கள். தீ ஆபத்து ஒருபுறம். சில மாதங்களிலேயே அதன் தரமும் இறங்கத் தொடங்கிவிடும்.