டீசல் எரிக்கறதுக்கு ஐக்கியம்னு பேரா? – ஒரு கடிதம்

(பேர் போட வேண்டாம்னு கேட்டிருக்கார். கடிதத்தை கொஞ்சம் சுருக்கியிருக்கேன்.)

அண்ணா, ஸ்தோத்திரம்.

நான் சேலம் அஸ்தம்பட்டி. வயசு 34, சேகோ மில்லுங்களுக்கு ஸ்பேர் சப்ளை பண்றேன். போன வருஷம் ஒரு மஹிந்திரா தார் ஜீப் எடுத்தேன். நாங்க ஆறேழு பேர், எல்லாரும் கிறிஸ்தவங்கதான், ஆனா சபை வேற வேற. மாசத்துல ஒரு சனிக்கிழமை விடியக்காலம் கிளம்பி ஏற்காட்டுல தெரிஞ்சவங்க எஸ்டேட் பாதையில ஓட்டிட்டு, மேல ஒரு இடத்துல நிறுத்தி வசனம் வாசிச்சு ஜெபம் பண்ணி, கொண்டுபோன சோத்தை சாப்பிட்டுட்டு இறங்கிருவோம். இப்ப இதை ஒரு கிளப்பா ஆக்கி பேர் வெச்சு ஸ்டிக்கர் அடிக்கலாம்னு ஒரு பேச்சு. எங்க அப்பா ரொம்ப வருஷம் சர்ச் கமிட்டியில இருந்தவர், "டீசலை எரிச்சுட்டு அதுக்கு ஐக்கியம்னு பேர் வெக்காத"ங்கறார். எனக்கும் உள்ளுக்குள்ள ஒரு உறுத்தல் இருக்கு. இது விசுவாசிங்க ஒண்ணுகூடற ஐக்கியமா, வெறும் பொழுதுபோக்கா? இன்னொண்ணு, என் ஃப்ரெண்டு ஒருத்தர் இந்து, மாருதி ஜிம்னின்னு சின்ன ஜீப் வெச்சிருக்கார், நானும் வரேங்கறார், சேத்துக்கலாமா? அப்புறம் எங்கள்ல ரெண்டு பேர், போறதுதான் போறோம், மலை கிராமத்துல சுவிசேஷ கைப்பிரதி குடுத்துட்டு வரலாமேங்கறாங்க. நீங்க என்ன சொல்றீங்க?

தம்பி,

உங்க அப்பா சொன்னதுல தப்பில்ல, டீசல் எரியத்தான் செய்யுது, அதுவும் லோ ரேஞ்ச் (மெதுவா, ஆனா முழு பலத்தோட ஏறறதுக்கான கியர்) போட்டு முதல் கியர்ல உருட்டுனா டீசல் முள்ளு இறங்கறதை கண்ணாலயே பாக்கலாம். அதனால அவர்கிட்ட சண்டை போடாதீங்க. ஆனா ஐக்கியம்ங்கற அந்த வார்த்தை இருக்கே, அதை பத்தி எனக்கு கொஞ்சம் சொல்லணும், ஏன்னா நான் எங்க சபை ஆண்கள் ஐக்கியத்துல 11 வருஷம் இருந்தவன். ரெண்டாவது ஞாயிறு ஆராதனை முடிஞ்சதும் கூடுவோம், போன கூட்ட மினிட்ஸ் வாசிப்பாங்க, வரவு செலவு வாசிப்பாங்க, அதுல ஒருத்தர் சந்தேகம் கேப்பார், ஒரு வடை ஒரு டீ, முடிவு ஜெபம், வீட்டுக்கு. எனக்கு பக்கத்து நாற்காலியில எப்பவும் உக்கார்ற மனுஷருக்கு சுகர் இருந்துச்சுன்னே அவரோட கால் விரலை எடுத்த அப்புறம்தான் எனக்கு தெரியும். 11 வருஷம், ஒரே வரிசை.

இப்ப உங்க ஜீப் கதைக்கு வரேன். எனக்கு சொந்தமா வண்டி கிடையாது, நான் எப்பவும் பக்கத்து சீட்டுதான், ஒரு எஸ்டேட்காரர் பழைய மஹிந்திரா எம்எம் 540 ஜீப் வெச்சிருக்கார், அவர் கூப்பிட்டா ஏறிக்குவேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நவம்பர்ல, நல்ல மழை பெஞ்சு ஓஞ்ச மறுநாள், நாகலூர் தாண்டி ஒரு காபி தோட்டத்துக்குள்ள போனோம், ஓனர்கிட்ட கேட்டுட்டுதான். நாலு வண்டி. அதுல ஒண்ணு புது தார், ஓட்டுனவர் பேங்க்ல பெரிய பொறுப்புல இருந்து ரிட்டயர்டு ஆனவர், சபையில அவர் நடந்து வந்தாலே பத்து பேர் எந்திரிப்பாங்க. அடிவாரத்துலயே எஸ்டேட்காரர் சொன்னார், சார் டயர்ல காத்தை 20க்கு இறக்கிருங்க, செம்மண்ணு வழுக்கும்னு. காத்து கொறஞ்சா டயர் கொஞ்சம் பரந்து படுத்து மண்ணை பிடிக்கும், அதுக்குத்தான். புது டயர்ங்க, வேண்டாம்னுட்டார்.

சில்வர் ஓக் வரிசையா நிக்கிற ஒரு வளைவுல வண்டி அப்படியே பக்கவாட்டுல போய் இடது பக்கம் ரெண்டு சக்கரமும் தண்ணி போற காவாயில இறங்கிருச்சு. நாலு சக்கரத்துக்கும் பவர் போற வண்டிதான், ஆனா எந்த சக்கரத்துக்கு பிடிப்பு இல்லையோ அதுலதான் பவர் பூரா ஓடும், பிடிப்பு இருக்கற சக்கரம் சும்மா நிக்கும், சக்கரங்களுக்கு பவரை பிரிச்சு குடுக்கற டிஃபரன்ஷியல்ல லாக் இல்லைன்னா அதோட குணம் அது. அவர் கதவை திறக்கல. உள்ள உக்காந்துட்டே ஆக்ஸிலேட்டரை மிதிக்கறார், சேறு தெறிக்குது, கிளட்ச் வாசம் வருது, வண்டி இன்னும் இறங்குது. நாங்க எல்லாம் கையை கட்டிட்டு நிக்கறோம், அவர்கிட்ட யார் போய் சொல்றது. ஒரு பத்து நிமிஷம் இருக்கும். அப்புறம் இஞ்சினை ஆஃப் பண்ணிட்டு இறங்கி வந்து "முடியலப்பா"ன்னார். இருவது வருஷமா அவரை எனக்கு தெரியும், அந்த வார்த்தையை அவர் வாயில நான் கேட்டதே இல்ல.

அதுக்கப்புறம் வேலை மளமளன்னு நடந்துச்சு. நாலு டயர்லயும் காத்தை இறக்குனோம், மம்பட்டியால சேத்தை வழிச்சோம், சக்கரத்துக்கு அடியில கல்லும் காய்ஞ்ச கிளையும் திணிச்சோம், 540ல ரோப்பை மாட்டினோம், எல்லாரையும் தள்ளி நிக்க சொல்லிட்டு (கொக்கி தெறிச்சா ஆளே போயிரும், இதுல விளையாட்டே கூடாது) இழுத்தோம். மூணாவது இழுப்புல வெளிய வந்துச்சு. மேல போய் சாப்பிட உக்காந்தப்ப அவரா பேச ஆரம்பிச்சார், மகன் வெளிநாட்டுல இருக்கான், ரெண்டு வருஷமா பேசறதில்ல, சபையில யாருக்கும் தெரியாதுன்னு. யாரும் வசனம் எடுத்து சொல்லல. ஒருத்தர் அவர் இலையில இன்னும் கொஞ்சம் புளிசோறு வெச்சார், அவ்ளோதான்.

நீங்க கேட்ட முதல் கேள்விக்கு என்கிட்ட இருக்கறது இதுதான். கோயில் பெஞ்சுல யாரும் மாட்டிக்கறதில்ல தம்பி, எல்லாரும் இஸ்திரி போட்ட சட்டையில நல்லா இருக்கேன்னுதான் சொல்லுவோம். பாதையில மாட்டுனா மறைக்க முடியாது, நாலு பேர் பாத்துட்டு நிப்பாங்க, இன்னொருத்தன் ரோப் வந்தாத்தான் வெளிய வர முடியும். நல்லா ஓட்டறவங்க ஒரு முறை வெச்சிருக்காங்க பாருங்க, வரிசையில போறப்ப நமக்கு பின்னாடி வர்ற வண்டி நம்ம கண்ணாடியில தெரியணும், தெரியலைன்னா நின்னுரணும், முன்னாடி போறவன் எவ்ளோ தூரம் போனாலும் சரி. எங்க ஆண்கள் ஐக்கியத்துல அப்படி யாராவது கண்ணாடியை பாத்திருந்தா அந்த சுகர்காரருக்கு விரல் தப்பிச்சிருக்குமோ என்னமோ.

சபை வேற வேறன்னு எழுதியிருக்கீங்க. எனக்கு உங்க கடிதத்துலயே ரொம்ப பிடிச்ச வரி அதான். எங்க குரூப்புல ஒருத்தர் பூசைங்கறார், ஒருத்தர் ஆராதனைங்கறார், ஒருத்தர் கூட்டம்ங்கறார். ஒருத்தருக்கு ஃபாதர், ஒருத்தருக்கு ஆயர், ஒருத்தருக்கு பாஸ்டர். ஆர்சி வீட்டு பெரியவர் ஒருத்தர் இன்னும் அருளப்பர், சின்னப்பர், இராயப்பர்னுதான் சொல்லுவார், பெந்தெகொஸ்தே பையன் முதல் தடவை கேட்டப்போ யாருங்க அவங்கன்னு முழிச்சான், யோவான், பவுல், பேதுருதாண்டான்னு சொன்னப்புறம் சிரிச்சான். இது ரெண்டும் சேலம் நாலு ரோட்டுல எதிரெதிர் டீக்கடையில நின்னாலும் பேசிக்காத ஆளுங்க. தரங்கம்பாடியில 1919ல சபைகள் ஒண்ணா சேரலாம்னு பேச்சை ஆரம்பிச்சு, தென்னிந்திய திருச்சபை உருவாக 1947 செப்டம்பர் 27 ஆச்சு, 28 வருஷம். காவாயில விழுந்த வண்டிக்கு ரோப் மாட்ட அவ்ளோ நேரம் எடுத்தா வண்டி துருப்பிடிச்சிருக்கும். (பேராயர்கள் கோச்சுக்க வேண்டாம், அவங்க முடிச்ச வேலை பெருசுதான்.)

ஜீப்புக்கும் ஜெபத்துக்கும் என்ன சம்பந்தம்னு உங்க அப்பா கேட்டா இதை சொல்லுங்க. ரெண்டாம் உலகப்போர்ல ராணுவத்துல இருந்த பாதிரியாருங்க ஜீப் பானட் மேல துணியை விரிச்சு அதையே பீடமா வெச்சு பூசை வெச்சிருக்காங்க, அந்த போட்டோ நிறைய இருக்கு. போர் முடிஞ்சு அந்த வண்டிகள் ஜனங்க கைக்கு வந்தப்புறம் அமெரிக்காவுல அது வேற மாதிரி போச்சு. 1953ல கலிபோர்னியாவுல ரூபிகான் பாதையில 55 வண்டியில 155 பேர் போனது அவங்களுக்கு ஒரு பெரிய தொடக்கம். அங்க கிறிஸ்தவ ஜீப் குழுக்கள் இருக்கு, கிளம்பறதுக்கு முன்னாடி ஜெபம், கூடாரம் போட்ட இடத்துலயே ஞாயிறு ஆராதனை. பைக்காரங்களுக்கு 1975லயே அங்க கிறிஸ்தவ சங்கம் வந்தாச்சு.

ஆனா அதை பாத்துட்டு அப்படியே இங்க இறக்கிராதீங்க. அங்க காட்டுக்குள்ள வண்டி போக இன்னின்ன பாதைன்னு அரசாங்கமே வரைஞ்சு விட்டிருக்கு. இங்க ரிசர்வ் ஃபாரஸ்ட் எல்லைக்குள்ள அனுமதி இல்லாம காலை வெச்சாலே குத்தம், 1882ல இருந்து சட்டம் இருக்கு, பாதை மாதிரி தெரியுதேன்னு வண்டியை விட்டா கேஸ்தான். ஜெபக்கூட்டம்னு சொன்னாலும் ரேஞ்சர் விடமாட்டார், விடவும் கூடாது. காட்டெருமை நடமாடற இடம் அது. அதனால தனியார் தோட்டம், ஓனர் வாய் வார்த்தை பத்தாது, வாட்ஸ்அப்ல ஒரு வரியாவது வாங்கி வெச்சுக்குங்க. காபி பழம் பறிக்கற மாசங்கள்ல போகாதீங்க, அவங்க வண்டியும் ஆளும் அதே பாதையில இருப்பாங்க.

ஓடையில வண்டி இறக்கறதையும் விட்டுருங்க. வீடியோவுக்கு நல்லா இருக்கும், தெரியும். ஒரு தடவை நாங்க இறக்குனோம், கீழ குடத்தோட நின்ன ஒரு பாட்டி ஒண்ணும் திட்டல, "இதத்தான் சாமி நாங்க குடிக்கறோம்"னு மட்டும் சொன்னா. அன்னிக்கு வாசிச்ச வசனம் எனக்கு ஞாபகம் இல்ல, பாட்டி சொன்னது இருக்கு.

கைப்பிரதி கேள்விக்கும் அந்த பாட்டிதான் பதில். அது அவங்க மலை. மேல சேர்வராயன் கோயில்ல மே மாசம் திருவிழாவுக்கு மலையாளி ஜனங்க (கேரளாக்காரங்க இல்ல, இந்த மலையோட பழங்குடி) ஊர் ஊரா வருவாங்க, அவங்களுக்கு அந்த மலையே சாமி. நாம பதினஞ்சு லட்ச ரூபா வண்டியில அவங்க நடந்து போற பாதையை கலக்கிட்டு போய் ஜன்னல் வழியா பேப்பரை நீட்டறது எனக்கு சரியா படல. சில பேருக்கு இது கோவம் வரும், வரட்டும். அரிசி மூட்டை குடுத்து போட்டோ எடுக்கறதும் அதே ரகம்தான். கொட்டச்சேடு பக்கம் ஒரு டீக்கடையில நின்னு டீ குடிங்க, பேசுங்க, அவங்க கேட்டா சொல்லுங்க.

இந்து நண்பரை கண்டிப்பா கூட்டிட்டு போங்க, இதுல யோசிக்க என்ன இருக்கு. ஒரே ஒரு விஷயம், ஜிம்னி 1,200 கிலோ சொச்சம், உங்க தார் அதைவிட அரை டன்னுக்கு குறையாம கூட, அதனால அவர் உங்களை இழுக்கறது கஷ்டம், நீங்கதான் அவரை இழுப்பீங்க. பெரும்பாலும் அவர் மாட்டவும் மாட்டார், வண்டி லேசு, நீங்க இறங்கற இடத்துல அவர் மேலயே போயிருவார், அந்த வயித்தெரிச்சலுக்கு தயாரா இருங்க. ஜெபத்தை சுருக்கமா வெச்சுக்குங்க, அவர் இருந்தாலும் இல்லைன்னாலும். கிளப், பேர், ஸ்டிக்கர் எல்லாம் வேண்டாம்னுதான் எனக்கு தோணுது, ஸ்டிக்கர் வந்தா தலைவர் வருவார், தலைவர் வந்தா மினிட்ஸ் வரும்.

சனிக்கிழமையே போறீங்க, நல்லது. ஓய்வுநாள்ல துரவுல விழுந்த எருதை தூக்கலாம்னு வேதத்துல இருக்குதான், ஆனா ஞாயித்துக்கிழமை ஏற்காடு ரோட்டுல 20 ஹேர்பின் வளைவுலயும் டூரிஸ்ட் கார் நிக்கும், ஆராதனையும் போச்சு, மலையும் போச்சுன்னு ஆயிரும்.

அடுத்த தடவை உங்க அப்பாவையும் கூட்டிட்டு வாங்க. முன் சீட்டு அவருக்கு. குப்பனூர் வழியா ஏறலாம், அந்த பக்கம் கூட்டம் கம்மி, அவருக்கு முதுகு வலி இருந்தா மேல தோட்ட பாதை ஆரம்பிக்கற எடத்துல டீக்கடையில என்கூட உக்காந்துக்கட்டும், எனக்கும் அந்த பழைய கமிட்டி கதையெல்லாம் கேக்கணும். டயர் காத்து பாக்கற கேஜ் ஒண்ணு எடுத்துட்டு வாங்க, எங்ககிட்ட இருந்ததை போன வாரம் யாரோ தோட்டத்துலயே விட்டுட்டு வந்துட்டாங்க.