கருமுட்டை செய்து தருவதாகச் சொல்பவருக்குக் காசு கட்டாதீர்கள்

தங்கச்சி, அட்டனில் ஒருவர் உங்கள் தோல் செல்லை ஸ்டெம் செல்லாக்கி (எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடிய செல்), அதிலிருந்து கருமுட்டை செய்து தருவதாக முன்பணம் கேட்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அம்மாவின் ஈ.பி.எஃப். காசில் கை வைக்காதீர்கள். மனிதருக்கு இப்படியொரு சிகிச்சை இன்னும் வரவில்லை.

ஜப்பானில் ஹயாஷி என்ற விஞ்ஞானியின் குழு 2023இல் ஆண் எலியின் செல்லிலிருந்தே கருமுட்டை செய்தது உண்மைதான். ஆனால் கருப்பையில் வைத்த 630 கருக்களில் பிறந்தவை 7 குட்டிகள். எலியில் சரி, பிள்ளையில் பரீட்சை பார்க்கலாமா? குறையோடு பிறந்தால் காலமெல்லாம் சுமப்பது அந்தப் பிள்ளைதான். அதனிடம் சம்மதம் கேட்கவும் வழியில்லை. எனக்கு உறுத்துவது இதுதான், காசு அப்புறம்.

கருமுட்டை குறைவு என்று வந்த ரிப்போர்ட்டோடு பேராதனை ஆஸ்பத்திரியில் மகப்பேற்று நிபுணரைப் பாருங்கள். மாப்பிள்ளையையும் கூட்டிப்போங்கள், அவருக்கும் சோதனை வேண்டும். மாமியார் பேச்சைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள்.